முழங்காலோடு வெட்டிய போட்டோ

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ இருக்கிறது. நீளம் ஒரு முழம், உயரம் ஆறு விரல்கூடத் தேறாது. ஜல்லியின் மேல் ஆறு பேர் குந்தியிருப்பார்கள். தலைகளுக்கு நடுநடுவே பளபளவென்று பூட்ஸ் கால்கள். கால்களுக்கு மேலே ஆள் கிடையாது. வருகிறவர்களெல்லாம், "மீதி எங்க சார்?" என்கிறார்கள். "இதான் முழுசு" என்று எரிந்து விழுவேன். கோபத்துக்குக் காரணம் உண்டு. அதில் பாதி என் மேலேயே.

அப்போது எனக்குப் பத்து வயது. திண்டிவனத்தில் இருந்தோம். அப்பா ரயில்வேயில் கேங்மேன். தாத்தாவும் அதே தண்டவாளத்தில் ஜல்லி கொத்தியவர். தாத்தாவின் முகம் இருந்தது ஒரே ஒரு போட்டோவில்தான். நாற்காலிகளில் கோட்டு போட்ட அதிகாரிகள், பின்னால் நின்றபடி குமாஸ்தாக்கள், முன்னால் தரையில் கேங்மேன்கள். இடமிருந்து மூன்றாவது ஆள் தாத்தா.

விழுப்புரத்தில் பெரியத்தை புதுவீடு புகுந்தாள். போட்டோவுக்குச் சட்டம் போட்டு அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அவருக்கு டியூட்டி இருந்ததால் என்னைக் கடைக்கு அனுப்பினார். "பத்திரம்டா. வேற காப்பி கெடையாது" என்றார். எது தாத்தா என்று கடைக்காரரிடம் சொல்லச் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் போய் வாங்கிப் பிரித்தால், தாத்தாவைக் காணோம்.

"சட்டம் சின்னது தம்பி, கீழ கொஞ்சம் எடுத்துட்டேன்" என்றார் கடைக்காரர்.

"எங்க தாத்தா கீழதான இருந்தாரு?"

"பின்ன, நாற்காலியில குந்திக்கினு இருக்கறவங்க தலையையா வெட்ட முடியும்? கீழ கூலியாளுங்கதானப்பா."

இன்றைக்கு என்றால் அவர் கத்தரியை வாங்கி அவர் மீசையிலேயே வைத்திருப்பேன். அன்றைக்கு என்னால் முடிந்தது இவ்வளவுதான்: மேசைக்கடியில் கிடந்த துண்டைப் பொறுக்கிச் சட்டைக்குள் சொருகிக்கொண்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. கடைக்காரர் மறுபடி கட்டிக் கொடுத்த கயிற்றை அவிழ்க்காமலே அப்பா மறுநாள் காலை போட்டோவோடு என்னையும் கூட்டிக்கொண்டு பாசஞ்சரில் ஏறினார். பேரணி ஸ்டேஷன் தாண்டுவதற்குள் நான் வேண்டாத சாமி இல்லை. தொப்பூழ் மேல் தாத்தா ஒட்டிக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார்.

புதுவீட்டில் சொந்தக்காரர் கூட்டம். பெரியத்தை காகிதத்தைப் பிரித்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தேடினாள்.

"அப்பா எங்கடா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நடு நாற்காலியில் மீசை முறுக்கி உட்கார்ந்திருந்த துரை மேல் விரலை வைத்தேன்.

"இதோ. இவருதான்."

பெரியத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கோட்டு போட்டுக்கினு? எங்கப்பன் ஸ்டேஷன் பெஞ்சுலகூடக் குந்தினது கெடையாதுடா. குந்தவும் வுடமாட்டானுங்க."

கூடம் சிரித்தது. பெரியத்தையும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நான் சட்டைக்குள் கையை விட்டு, ஈரமாகச் சுருண்டு கிடந்த துண்டை நீட்டினேன்.

"கடைக்காரன் இன்னா சொன்னான்?" என்றார் அப்பா.

ஒரு எழுத்துக்கூட விடாமல் ஒப்பித்தேன். அடி விழும் என்று கன்னத்தைத் தயாராகவே வைத்திருந்தேன். விழவில்லை.

சாயங்காலமே திண்டிவனம் திரும்பி நேராகக் கடைக்குப் போனோம். அப்பா துண்டை மேசை மேல் நீவி வைத்தார்.

"இதுக்கு மட்டும் சட்டம் போடு."

"வெறும் பூட்ஸ்தான்யா தெரியுது மேல."

"தெரியட்டும்."

"இந்தப் பெரிசை இன்னா பண்றது?"

"உனக்கு வேணும்னுதான வச்ச? நீயே மாட்டிக்கோ."

அந்தத் துண்டு பெரியத்தை வீட்டுச் சுவரில் அவள் காலம் முழுக்க இருந்தது. பிறகு என்னிடம் வந்தது.

கடையிலிருந்து திரும்பும்போது அப்பா என் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தார். கோபமெல்லாம் கடைக்காரரோடு தீர்ந்தது, நான் தப்பித்தேன் என்று குதித்துக்கொண்டே பின்னால் போனேன். அந்த ஆள் தெரியாமல் வெட்டினார். எனக்குத் தாத்தா யாரென்று தெரியும். துண்டு என் வயிற்றோடுதான் இருந்தது. இருந்தும் விரல் நாற்காலிக்குத்தான் போனது. அதை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.