பின் தெருக் கதவும் காசி விசுவநாதரும்

போன வாரம் காசியிலிருந்து திரும்பினோம், நானும் என் மனைவி உண்ணாமலையும். பார்க்கிறவர்களெல்லாம் 'தரிசனம் எப்படி?' என்கிறார்கள். 'பிரமாதம்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் எதற்குப் பொய்? நான் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

எங்கள் காரைக்குடி வீடுகள் தெரியுமல்லவா? முன் வாசல் ஒரு தெருவில். உள்ளே நடந்து... நடந்து... அடுப்படியைத் தாண்டினால் பின் வாசல் அடுத்த தெருவில். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் என்று வருஷக்கணக்கில் சேர்த்த சீர் சாமான், அறை கொள்ளாமல் பின்கட்டில் அடுக்கிக் கிடந்தது. கல்யாணத்துக்கு முன் காசிக்குப் போவதாக வேண்டுதல். மகளைக் கல்லலில் என் தங்கை வீட்டில் விட்டோம்.

கிளம்பும்போது முன் கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டேன். ஒவ்வொன்றையும் தொங்கிப் பார்த்தேன்.

"பின் தெருவுல ஆசாரி வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திர்றேன்" என்றாள் உண்ணாமலை. எங்கள் பின் வாசலுக்கு நேர் எதிரே கருப்பையா ஆசாரியின் தச்சுப் பட்டறை.

"வேணாம். வீட்டுல ஆளில்லைன்னு நாமளே தம்பட்டம் அடிக்கணுமாக்கும்?" என்றேன். எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள்!

காசியில் மூன்றாம் நாள். கங்கையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். படியிலிருந்து உண்ணாமலை கேட்டாள்.

"பின் கதவப் பூட்டினீகள்ல?"

"நீதானே எப்பவும் பூட்டுவே?"

"நீக கையில பூட்டோட நின்னீக... நீகதான் பூட்டுவீகன்னு இருந்துட்டேன்."

முங்கினேன். பாவம் போயிற்றா, தெரியாது. கண்ணை மூடினால் எங்கள் வெள்ளிக் குடம் பின் தெருவில் யார் இடுப்பிலோ ஏறிப் போகிறது!

தந்தி அடிக்கலாமா? 'பின் கதவு திறந்திருக்கிறது' என்று தந்தி கொடுத்தால் தபால் ஆபீஸ் தொடங்கி ஊருக்கே தெரிந்துவிடுமே! உடனே திரும்பலாம் என்றால் உண்ணாமலை அசையவில்லை.

"வேண்டுதல முடிக்காம வரமாட்டேன். விசுவநாதர் பாத்துக்குவாரு."

"அவரு காசியில இருக்காரு. கதவு காரைக்குடியிலல்ல இருக்கு?" என்றேன். முறைத்தாள்.

காசியில் பிடித்தமான ஒன்றை, ஆயுசுக்கும் இனித் தொடுவதில்லை என்று விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். அவள் மாம்பழத்தை விட்டாள். மாம்பழம் என்றால் அவளுக்கு உயிர். நான் சுரைக்காயை விட்டேன். சுரைக்காய் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது என்பது விசுவநாதருக்குத் தெரியவா போகிறது?

ரயிலில் வழி முழுக்கக் கருப்பையா ஆசாரி ஞாபகம்தான். கதவுக்கு எதிரே இருப்பவர் அவர்தானே? ஊர் வருவதற்குள் மனசுக்குள்ளேயே அவரைப் போலீஸ் ஸ்டேஷன் வரை கூட்டிப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று பூட்டையும் திறந்து பின்கட்டுக்கு ஓடினேன். சாமான் அத்தனையும் வைத்தது வைத்தபடி இருந்தது. பின் கதவை இழுத்தேன் – வரவில்லை! தெருவைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், வெளியே ஒரு துருப்பிடித்த பூட்டு. எங்களுடையது அல்ல.

"வாங்க செட்டியாரே, எப்ப வந்தீக?" சாவியோடு வந்தார் கருப்பையா ஆசாரி. "நீக போன மறுநாள் எங்க ஆடு உங்க அடுப்படிக்குள்ள நொழஞ்சிருச்சு. விரட்டப் போனா ஆளக் காணோம். அதான் பட்டறைப் பூட்டக் கழட்டி இங்குட்டுப் போட்டேன்."

"அப்பப் பட்டறைக்கு?"

"வாசல்ல கட்டிலப் போட்டு நானே படுத்துக்கிட்டேன். அடுத்த தடவை போகையில ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. கொண்டுவந்த கங்கைச் சொம்புகளை முன் தெருவில் யார் யாருக்குக் கொடுப்பது என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தேன். பின் தெருவுக்கு ஒன்றுகூட இல்லை. எங்கள் பூஜை அறைக்கென்று வைத்திருந்ததை உண்ணாமலை, என்னைக் கேட்காமலே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"காசியில சாமிய நல்லாப் பாத்தீகளா?"

நான் சாவியை வாங்கி அவர் பூட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.

மத்தியானம் இலை போட்டு உட்கார்ந்தேன். இத்தனை நாள் அலைந்தும் கிடைக்காத நிம்மதி அந்த அடுப்படியில் கிடைத்தது. அப்போது ஆசாரி வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. பட்டறைக் கூரையில் காய்த்ததாம். தாளித்த வாசனை ஆளைத் தூக்கியது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்குச் சுரைக்காய்க் கூட்டு சாப்பிட ஆசை... கை நீட்டினேன். உண்ணாமலை கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

விசுவநாதர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!