டப்பாவில் எழுதியிருந்த ஏழு நாள்

அன்றைக்கு நான் ஏன் நாலு நாள் என்று சொன்னேன்? மகளுக்காகச் சொன்னேன் என்று சில நேரம் தோன்றுகிறது. இல்லை, அலுத்துப்போய்ச் சொன்னேன், அந்தச் சாமானை வீட்டைவிட்டு அனுப்பினால் போதும் என்று சொன்னேன் என்று சில நேரம் தோன்றுகிறது. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது. கணவர் மரத்துக்கு பாலிஷ் போடுகிறவர். வேங்கிக்கால் பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகள் பலவற்றில் வாசல் கதவு அவர் கை பட்டதுதான். பெரிய வேலை அந்தந்த வீட்டிலேயே நடக்கும். நாற்காலி, ஊஞ்சல் பலகை போன்றவை மட்டும் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைக்கு வரும். கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதுவும் கூரை வரை போகாது.

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற நாட்களில் அவள் மூச்சு விசில் மாதிரி கேட்கும். தூசியும் தின்னர் வாசனையும் ஆகவே ஆகாது, கொட்டகையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவர் மறுக்கவில்லை. "ஒரு பெரிய வேலை வரட்டும், வேற எடம் பாத்துடலாம்" என்றார்.

வந்த பெரிய வேலை ஒரு படகு.

வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற விடுதி ஒன்றின் முதலாளி, தோட்டத்தில் குளம் வெட்டி, அதில் மிதக்கவிட கேரளாவிலிருந்து ஒரு பழைய மரப்படகை வாங்கியிருந்தார். இரண்டு பேர் உட்காரலாம். பழைய வார்னிஷ் செதில் செதிலாக உரிந்திருந்தது. "கண்ணாடி மாதிரி வேணும் மேஸ்திரி. இது நல்லா வந்தா புது ரூமுங்க மர வேலை மொத்தமும் உங்களுக்குத்தான்" என்றார். அந்த வேலை கிடைத்தால் கொட்டகைக்குத் தனி இடம் பிடிக்கலாம் என்று கணவர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் படகின் மேல் ஆசையே வந்துவிட்டது.

தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா, "இனிமே கிரிவலம் தண்ணிமேலயா?" என்று சிரித்தாள். மாமியாருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "மலைய சுத்தற ஊர்ல படகு எதுக்குடா? கடல் எங்க கீது, நாம எங்க கீறோம்" என்றார்.

மார்கழி மாதம். பழைய வார்னிஷைச் சுரண்டி எடுக்கவே ஒரு வாரம் ஆனது. தூள் சுவருக்கு மேலே ஏறி, கழுவி வைத்த பாத்திரத்தில் வந்து படிந்தது. ஈரத்துணியை ஜன்னலில் கட்டினேன். மகளை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகட்டுமா என்று கேட்டேன். "அவன் ஒண்டியா கஷ்டப்படறான், நீ பொறந்த வூட்டுக்குப் போயி குந்திக்கினு இருப்பியா?" என்றார் மாமியார். நான் போகவில்லை. போயிருக்கலாம். கணவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார். நான்தான் நல்ல மருமகளாக இருக்க ஆசைப்பட்டேன்.

போகாததோடு நிற்கவில்லை. மகள் தூங்கும்போது நானும் வாட்டர் பேப்பர் எடுத்துத் தேய்த்தேன். ஒரு கோட் வார்னிஷ், அது காய்ந்ததும் தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்ப்பு, துடைப்பு, மறுபடி ஒரு கோட். இப்படி ஆறு கோட். கடைசி கோட் நன்றாக இறுகிய பிறகுதான் பளபளப்பு ஏற்றுகிற பஃபிங் மெஷின் போட வேண்டும். கம்பளி உறை மாட்டிய சக்கரம் சுற்றும்போது சூடாகும். உள்ளே ஈரம் இருந்தால் அந்தச் சூட்டில் மேல்பூச்சு இளகிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கெமிஸ்ட்ரி படித்தவள்.

கதவுக்குப் போடுகிற பாலிஷ் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இது தண்ணீர் தாங்குகிற வார்னிஷ், சென்னையிலிருந்து வரவழைத்தது. டப்பாவில் எல்லாம் இங்கிலீஷ், எறும்பு மாதிரி எழுத்து. கடைசி கோட் போட்ட அன்று டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"எத்தன நாள் உட்டு மெஷின் போடணும்னு போட்டிருக்கான் பாரு. எனக்கு கண்ணே தெரியல."

மகள் என் இடுப்பில் இருந்தாள். அவள் மார்பின் கரகரப்பு என் விலா எலும்பில் தெரிந்தது. டப்பாவில் எழுதியிருந்ததை முழுதாகப் படித்தேன். குறைந்தது ஏழு நாள். குளிரிலும் ஈரக்காற்றிலும் இன்னும் அதிக நாள். ஐந்தாம் நாள் பௌர்ணமி. கூட்டம் வந்துவிட்டால் பாதையில் வண்டியை விடமாட்டார்கள். அதற்குமுன் படகு போகவில்லை என்றால் கூட்டம் கலையும்வரை அதே வாசனையில் மகளை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

"நாலு நாள் போதும்னு போட்டிருக்குங்க" என்றேன்.

"நாலா? இந்தப் பனியிலயா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"சரி. படிச்சவ சொன்னா சரியாதான் இருக்கும்" என்றார். அவர் சொன்னதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை.

நாலாம் நாள் காலை படகின் உள்பக்கம் கட்டை விரலை அழுத்திப் பார்த்தார். "லேசா ஒட்டறாப்பல இருக்கே" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தப்பாகப் படித்துவிட்டேன் என்று சொன்னால்கூடப் போதும். "உள்பக்கம் நிழலா இருக்கில்ல, அதான்" என்றேன்.

அவர் மெஷினை ஓட்டத் தொடங்கினார். முதல் முழம் அழகாக வந்தது. மேலே இருந்த தகரக் கூரை வரி வரியாக அதில் தெரிந்தது. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெஷினின் சத்தம் மாறியது. கெட்டியான ஒரு வாசனை வந்தது. சக்கரத்தின் அடியில் வார்னிஷ் பால் ஏடு மாதிரி சுருங்கி இழுபட்டது. கம்பளி நூல் அதில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் மெஷினை அணைத்துவிட்டு, தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டப்பாவைப் பார்க்கவில்லை. அதை நான் நாலு நாள் என்று சொன்ன அன்றே குப்பையோடு போட்டுவிட்டேன்.

சாயங்காலம் வண்டியோடு வந்த முதலாளி படகைச் சுற்றி வந்து விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "யான தோல் மாதிரி இருக்கே மேஸ்திரி" என்றார்.

"என் கை ஜாஸ்தி அழுத்திடுச்சு சார்" என்றார் கணவர்.

நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுதான் நான் செய்தது. டீ கொடுத்தேன்.

மறுபடி மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டியிருந்தது. பாதி காய்ந்த வார்னிஷ் உப்புத்தாளில் ஒட்டிக்கொள்ளும், உரிந்து வராது. தின்னர் ஊற்றி ஊற்றி எடுத்தார். மூன்றாம் நாள் மகளுக்கு உதடு நீலம் பாரித்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மூக்கில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுக்கும்போது அவள் என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். நன்றாகக் கிள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் முறை அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. தன் கணக்குக்குப் பதினைந்து நாள் விட்டார். மெஷினைத் தொடாமல் துணியும் கையுமாகத் தேய்த்தே பளபளப்பு ஏற்றினார். படகு போய்விட்டது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புது அறைகளின் வேலை வேறு ஒருவருக்குப் போனது.

மாமியார் கண் திருஷ்டி என்றார். கொட்டகை வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினார். ஒவ்வொரு அமாவாசைக்கும் மாற்றுகிறார். அதன் கீழே குனிந்துதான் நான் கொட்டகைக்குள் போகிறேன்.

கணவருக்கு அதற்குப் பிறகு மெஷின் பிடிக்கப் பயம். கதவு வேலையில் பஃபிங் வந்தால் இன்னொருவரைக் கூப்பிட்டுவிட்டு அருகில் நிற்கிறார். போன மாதம் நானே, அந்த முதலாளியிடம் இன்னொரு முறை கேட்டுப் பாருங்களேன் என்றேன். "கை நல்லா இருந்தப்போ கேட்டிருப்பேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேக்கறது?" என்றார். மகள் உள்ளே இருமிக்கொண்டிருந்தாள். கொட்டகை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

போன வாரம் ஒரு புது டப்பாவோடு சமையலறைக்கு வந்தார். "இத கொஞ்சம் படிச்சி சொல்லு. ஒன்ன வச்சிதான் எனக்கு தைரியம்" என்றார். இரண்டு முறை படித்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். பிறகு பயந்துபோய் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால் தன் கை கெட்டுப்போகவில்லை என்று அவருக்குத் தெரியும். மெஷினை எடுப்பார், பெரிய வேலை கேட்பார், கொட்டகை மாறும், மகள் மூச்சு சரியாகலாம். இவ்வளவும் எனக்குப் புரிகிறது. ஆனால் மகளின் மருந்துச் சீட்டையும் அவர் என்னிடம்தான் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். நான் இல்லாதபோது நான் எழுதிவைத்த அளவைப் பார்த்துத்தான் அவளுக்கு மருந்து கொடுக்கிறார். நான் பொய் படித்தவள் என்று தெரிந்தபிறகு அந்தச் சீட்டை யாரிடம் கொண்டுபோவார்? ஒவ்வொரு முறையும் சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்பாரா?

வீட்டில் இப்படி ஒன்றை மறைத்து, நாள் கடந்து சொன்னவர்கள் உங்களில் யாராவது இருக்கிறீர்களா? முதல் வார்த்தையை எங்கே தொடங்கினீர்கள்? மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்வதா, அவரையும் வைத்துக்கொண்டே சொல்வதா? சொன்னவர்கள் எனக்கு எழுதுங்கள். சொல்லாமலே இருந்துவிட்டவர்களும் எழுதுங்கள்.