தீப்பெட்டியில் ஆறாங்கட்டை

எண்பதுகளின் நடுவில், ஈப்போவில் ஓர் அலுவலகத்தின் பின்னறையில், நத்தை ஓடுகளைக் கணினியில் பதிவது என் வேலை. ரப்பர் தோட்டமொன்றில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக இருந்து இறந்துபோன தமிழர் ஒருவர், சுண்ணாம்புக்கல் மலைகளின் அடிவாரங்களில் பொறுக்கிய ஓடுகளைத் தீப்பெட்டிகளில் பஞ்சிட்டு வைத்திருந்தார். நொய்யரிசி அளவுதான் இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் அவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறு சீட்டு ஒன்று. எடுத்த நாள், இடம், மலையின் எந்தப் பக்கம் என்ற விவரங்கள். அந்தச் சீட்டுகளைப் படித்து நான் தட்டச்சு செய்யவேண்டும்.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் தோன்றும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும். தாளில் பிழை செய்தால் அடித்தல் தெரியும், எவராவது கேட்பார்கள். திரையிலோ பிழையும் சரியும் ஒரே பச்சையில் நின்றன.

இவ்வகை நத்தைகளில் சில, உலகத்தில் ஒரே ஒரு மலையில்தான் வாழும். கல்லுடைக்க எந்த மலைகளைக் கொடுக்கலாம் என்று கோலாலம்பூரில் ஒரு குழு முடிவுசெய்ய இருந்தது. எங்கள் பட்டியல் திங்கட்கிழமை அங்கே போய்ச் சேரவேண்டும். எந்த மலையின் பெயருக்கு எதிரே பதிவு இல்லையோ, அந்த மலைக்காகப் பேச எதுவும் இருக்காது.

வெள்ளிக்கிழமை மாலை, கோப்பெங் சாலை வழியாகப் போகும் தாப்பா பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னிருக்கைக்காரர் சில்லறையை நீட்டி, "ஆறாங்கட்டை ஒண்ணு" என்றார்.

"ஆறாங்கட்டையில நிக்காதுண்ணே. ஏழுல எறங்கி நடங்க, தொப்பை கொறையும் லா!" என்றார் கண்டக்டர்.

பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் கிராணியின் சீட்டுகள் நினைவுக்கு வந்தன.

பதினோரு பெட்டிகளின் சீட்டுகளில் 'கோப்பெங் சாலை, 6 கே' என்று கிராணி எழுதியிருந்தார். அந்த ஆங்கில எழுத்தை நான் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். அவர் எழுதிய காலத்தில் எங்கள் சாலைகளில் கிலோமீட்டரே கிடையாது. மைல்கல்லைக் கட்டை என்போம். மைலையும் கட்டை என்றே சொல்வோம். அவர் கட்டையைத்தான் சுருக்கியிருந்தார். ஆறாவது கிலோமீட்டரில் நிற்பது ஒரு மலை. ஆறாவது மைலில் நிற்பது வேறு மலை. இரண்டாவது மலைக்கு எதிரே என் பட்டியலில் ஒன்றுமே இல்லை.

அந்த மலையின் நிழலில்தான் நான் பிறந்த தோட்டம் இருந்தது. அதன் ஒரு முகத்தை நான் சிறுமியாக இருந்தபோதே உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். வெடிக்குமுன் சங்கு ஊதியதும் அம்மா எங்களைக் கட்டிலுக்கடியில் தள்ளுவார். தகரக் கூரையில் கற்கள் விழுந்து ஓயும்வரை அங்கேயே கிடப்போம். அந்த இடத்தை ஆறாங்கட்டை என்றே கேட்டு வளர்ந்தவள், சீட்டில் அதை அடையாளம் காணாமல் விட்டேன்.

சனிக்கிழமை காலை மேலதிகாரியின் முன் நின்று சொன்னேன். லூமுட்டில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். நானோ தற்காலிக ஊழியர். அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று எண்ணியிருந்தேன்.

"உக்காருங்க தங்கச்சி, விழுந்திரப் போறீங்க" என்றார். சீட்டை வெகுநேரம் பார்த்தார். "எங்க வாப்பா கடையே ரெண்டாங்கட்டையிலதான். நாலு தடவ சரிபாத்துக் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் தோணல பாருங்க."

"எழுத்து இங்கிலீசுல இருந்துச்சு சார்."

"அதான் ரெண்டு பேரும் இங்கிலீசாவே படிச்சிட்டோம்." சீட்டைக் கீழே வைத்தார். "நமக்குப் புரியுது. கோலாலம்பூருல நம்புவாங்களா? பஸ்ஸுல ஒருத்தர் சொன்னாருன்னு எழுத முடியாது. அந்த மலையில அந்த ஓடு இருக்கணும்."

நண்பகலில் ஏழாங்கட்டையில் இறங்கித் திரும்பி நடந்தேன். தோட்ட வீடுகள் இருந்த இடத்தில் லாலான் புல் இடுப்பளவு நின்றது. சீட்டில் குறித்திருந்த தெற்குப் பக்கத்துக்குப் போய், பாறையடியில் குந்தி, மண்ணைச் சாப்பாட்டு டப்பாவில் அள்ளினேன்.

"யாரது? அக்கா! செவப்புக் கொடி தெரியலையா? வெடி வைக்கப் போறாங்க லா!"

கல்லுடைக்கும் இடத்தின் காவலாளி ஓடிவந்தார்.

"நத்தை ஓடு எடுக்க வந்தேன்" என்றேன்.

"நத்தையா? பசார்ல சிப்பி விக்கிறாங்க, அங்க போய் வாங்குங்க! ஓடுங்க!"

சங்கு ஊதியது. நான் குந்திய இடத்திலேயே இருந்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக் காவல் கொட்டகைக்குள் தள்ளினார். டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்தேன். முதலில் நிலம் அதிர்ந்தது, பிறகுதான் ஓசை வந்தது. கூரையில் கற்கள் விழுந்தன. முப்பது வயதைக் கடந்த நான், அம்மாவை அழைத்தது எனக்கே கேட்டது. காவலாளி அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை.

அலுவலகத்தில் வெள்ளைத்தாளில் மண்ணைக் கொட்டி, ஊசிமுனையால் மேலதிகாரியும் நானும் ஆளுக்கொரு பக்கம் விலக்கினோம். மணல், வேர், எறும்பின் தலை. டப்பா ஏறக்குறைய காலியான பிறகு வந்தது அது: முறுக்கு திசைமாறித் திரும்பி, வாய் நாதஸ்வரத்தினுடையதுபோல விரிந்த ஓர் ஓடு. கிராணியின் ஓட்டை அருகில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் அவர் பார்த்தார்; நான் பார்த்தேன்; மீண்டும் அவர் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியைக் கணினியின் பக்கம் தள்ளினார்.

பதினோரு பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். சேமிக்கவா என்று திரை ஒவ்வொரு தடவையும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் சீட்டை எடுத்து மறுபடி படித்த பிறகே விசையை அழுத்தினேன்.

அந்த மலை காக்கவேண்டியவற்றில் சேர்ந்தது. உத்தரவு வந்த வாரம் போய்ப் பார்த்தேன். நான் மண் அள்ளிய பாறையடி அதற்குள் உடைபட்டுப் போயிருந்தது; மீதி மலை நின்றது. அன்று கொண்டுவந்த ஓட்டை ஒரு புதிய தீப்பெட்டியில் வைத்திருந்தோம். அதன் சீட்டில் சுருக்கம் எதுவும் இல்லை. 'ஆறாங்கட்டை' என்று தமிழிலேயே முழுதாக எழுதியிருந்தேன்.