நியான் டெட்ராவுக்கு அம்மை

"பம்மல் தண்ணியில இந்த மீனா? ஒரு வாரம் தாங்காதுமா. கோல்ட் ஃபிஷ் எடுத்துக்கினு போ."

மீன் கடை அண்ணா சொன்னது. எங்கள் வீட்டில் காலேஜ் வரை போன முதல் ஆள் நான். (வாராவாரம் சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்... ஆசை இன்னும் தீரவில்லை.) என்னிடம் போய் 'தாங்காது' என்று சொல்லலாமா? ஆறு நியான் டெட்ரா வாங்கினேன். பாதிச் சுண்டுவிரல் நீளம், நீலக் கோடு, சிவப்பு வால். கூட்டமாக இருந்தால்தான் அவற்றுக்குத் தைரியம். தனியாக விட்டால் பயந்து மூலையில் ஒதுங்கிவிடும்.

போர் தண்ணீர் ஆகாது என்று கேன் தண்ணீர் கலந்து ஊற்றினேன். ஒரு வாரம் தாங்கின. அந்தத் திமிரில் இன்னும் நான்கு வாங்கி, நேராகத் தொட்டியில் விட்டேன். அங்கேதான் தப்பு.

நான்காம் நாள், எல்லா மீன் மேலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. உப்பைத் தூவியது போல.

நான் மருந்தைத் தேடினேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆடி மாசம்... ஆத்தா வந்துருக்கா."

"அம்மா, அது ஒட்டுண்ணி. புதுசா வந்த மீன்ல இருந்து ஒட்டிக்கிச்சு."

"முத்து போட்டுருக்கு, கண்ணு தெரியலையா உனக்கு? வாய மூடு."

அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலை. வீட்டில் தாளிக்கக் கூடாது. கறி, மீன் கூடாது. விருந்தாளி கூடாது. பத்து மீனுக்காக!

பிரச்சினை அதுவல்ல. இந்த நோய்க்குத் தண்ணீரை முப்பது டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அம்மாவோ குளிர்ச்சிக்கு இளநீர் ஊற்றச் சொம்போடு நிற்கிறாள். மஞ்சள் வேறு அரைத்தாகிவிட்டது. உள்ளே ஊற்றினால் அத்தனையும் காலி.

காலேஜில் விவாதம் செய்யக் கற்றுக்கொண்டேன். வீட்டில் நடப்பது விவாதமா? பேரம்! கடைசியில் முடிவானது இது: மஞ்சளும் வேப்பிலையும் கண்ணாடிக்கு வெளியே. ஹீட்டரும் மருந்தும் உள்ளே. இளநீர் எனக்கு.

ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்த அப்பா ஹீட்டரைப் பார்த்தார். "பம்மல்ல ஹீட்டர் போட்ட மொத வூடு நம்மளுதுதான்." நாலு நாள் போனதும் தொட்டி முன் குனிந்தார். "சீக்கிரம் தேறுங்கடா. நான் நெத்திலி துன்னு நாலு நாளாவுது."

ஒன்று தேறவில்லை. அன்று அம்மா டீ குடிக்கவில்லை. மற்ற ஒன்பதையும் காலையும் மாலையும் விரல் விட்டு எண்ணினாள்.

பதினோராம் நாள் புள்ளி எல்லாம் போய்விட்டது. ஒன்பதும் ஒரே கூட்டமாகத் திரும்பின.

"தலைக்குத் தண்ணி ஊத்தணும்," என்றாள் அம்மா.

அம்மை இறங்கினால் ஊற்றத்தானே வேண்டும்? மீனுக்குத் தலைக்கு எப்படி ஊற்றுவது? யோசித்தேன். அன்று எப்படியும் கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டிய நாள். மக்கை அம்மா கையில் கொடுத்தேன். வெறும் தண்ணீர்தான். மூன்று முறை, பயபக்தியோடு ஊற்றினாள். நோயைத் தீர்த்தது மருந்தா, மாரியம்மனா? எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. அப்பா மட்டும் அன்றே நெத்திலி வாங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அதே கடைக்குப் போனேன்.

"இன்னாமா, எல்லாம் போயிடுச்சா?"

"ஒம்பது இருக்கு அண்ணா. இன்னும் ஆறு குடுங்க."

அந்த ஆறும் இப்போது தனி பக்கெட்டில், இரண்டு வாரக் காவலில். பக்கெட் கைப்பிடியில் வேப்பிலை கட்டியது... நான்தான்.