மீன் பெட்டியில் கொஸ்மொஸ்

எடித் அன்ரி கூட்டங்களில் பேசுகிறவர் அல்ல. கருவாட்டு வாடியில் பத்துப் பெண்களோடு பகல் முழுதும் மீன் கீறினாலும், அவர் சொல்வதைக் கேட்கப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். ஜனவரி கடைசியில் கோயில் பெண்கள் கூடி, உயிர்த்த ஞாயிறுக்குப் பீடத்தை எப்படி அலங்கரிப்பது என்று பேசினார்கள். அப்போது அவர்தான், "பூ நான் தாறன். வளர்த்துத் தாறன்" என்றார்.

தலைவி மாக்கிறட் அக்காவின் பேனை நின்றது. "போன வருஷத்துப் பிளாஸ்ரிக் பூ அப்பிடியே கிடக்கு, எடித். கழுவினால் போதும்."

"இல்லை அக்கா. உண்மைப் பூ."

கொப்பியில் பெயர் ஏறிவிட்டது.

விதைகள் மலைநாட்டுப் பண்டாரவளையிலிருந்து வந்தவை. மச்சாள் றொஷேல் அங்கே ஒரு விடுதித் தோட்டத்தில் வேலை செய்கிறார். இரண்டு வகைப் பூவிதைகளையும் ஒரே மருந்து உறைக்குள் கொட்டி அனுப்பி, "இரண்டரை மாதத்தில பூக்கும்" என்று தொலைபேசியில் சொன்னார். எடித் அன்ரி வெள்ளைக் கோப்பையில் கொட்டிப் பிரித்தார். தட்டையாக அம்பு முனைபோல இருந்தவை ஒரு பக்கம். கறுத்து வளைந்த ஊசிபோல இருந்தவை மறுபக்கம். பெப்ரவரி தொடக்கத்தில் விதைத்தால் கணக்குச் சரியாக வந்தது.

முற்றத்தில், மீன் அடைக்கிற பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள் ஐந்து. மீனும் ஐஸும் கிடந்த பெட்டிகளில் உப்பு ஊறியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். மூன்று நாள் நல்ல தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த பிறகே மண் போட்டார். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கரிக்கும். அதனால் குழாய்த் தண்ணீரை வாளியில் தூக்கி வந்து கையால் தெளித்தார். தட்டை விதைகளை எறும்பு கொண்டுபோனது. ஊசி விதைகள் முளைத்தன.

இரண்டு வாரத்தில் இலைகள் நூல்நூலாகப் பிரிந்தன. அவருடைய கணவர் மில்ரன் கடலால் வந்த கையோடு குனிந்து பார்த்தார்.

"இது பெருஞ்சீரகம். கோயிலுக்குக் கறி வைக்கப் போறியோ?"

எடித் அன்ரி ஒரு இலையைக் கசக்கி மூக்கருகே பிடித்தார். சீரக வாசம் இல்லை. "பூச்செடிதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு சாணுக்கு ஒன்றாக விட்டு மற்றக் கன்றுகளைப் பிடுங்கினார். பிடுங்கியதையும் எறிய மனம் வராமல் வேலியோரம் நட்டார்.

பெட்டிகள் வெண்மணலில் வள்ளங்கள் போல வரிசையாக நின்றன. காற்று எழும் நேரத்தில் இலைகள் எல்லாம் ஒரு பக்கம் சாயும். அப்போது பெட்டிகளே எங்கோ புறப்பட்டுப் போவதுபோல இருக்கும்.

மார்ச் மாத நடுவில் முதற் பூ விரிந்தது. அடுத்த நாள் நாலு. ஒரு வாரத்துக்குள் ஐந்து பெட்டிகளிலும் வெள்ளையும் இளஞ்சிவப்பும். அவ்வளவு மெல்லிய இதழ்களை எங்கள் ஒழுங்கையில் யாரும் கண்டதில்லை. விடியற்காலையில் காம்புகள் கண்ணுக்குத் தெரியாது. பூக்கள் மட்டும் காற்றில் தனியே நிற்கும்.

ஆனால் அது தவக்காலம். பீடத்தில் ஒரு பூவும் வைக்கமாட்டார்கள். உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது.

மாக்கிறட் அக்கா வந்து படலையில் நின்றார். "வடிவுதான். ஆனால் நாளுக்கு முந்தியே வந்திட்டுதே. ஐஸ் பெட்டியில வைச்சுப் பாப்பமோ?"

"நல்ல மீனே அவ்வளவு நாள் நிக்காது அக்கா" என்றார் மில்ரன்.

எடித் அன்ரி சிரிக்கவில்லை. படம் எடுத்து றொஷேலுக்கு அனுப்பினார். உடனே அழைப்பு வந்தது.

"கொஸ்மொஸ், மச்சாள். நான் சொன்னது எங்கட குளிருக்கு. உங்கட வெயிலுக்கு ஓடி வந்திட்டுது. எல்லாத்தையும் வெட்டுங்கோ."

"பூத்ததையோ?"

"ஓம். விட்டால் விதை வைக்கும். விதை வைச்சால் செடிக்கு வேலை முடிஞ்சுது. இப்ப வெட்டினால் பக்கத்தால அரும்பு வரும்."

எடித் அன்ரி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனார். பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். மறுநாளும் அப்படித்தான். ஐந்தாம் நாள் சில பூக்களின் இதழ் கொட்டி, நடுவில் கறுப்பு ஊசிகள் தெரியத் தொடங்கின. இனிப் பொறுத்தால் பூவும் இல்லை, கொடுத்த வாக்கும் இல்லை.

அன்று பின்னேரம், பக்கத்து வீட்டு றஸ்னா நோன்பு திறந்துவிட்டு வேலியடிக்கு வந்தார். ஒரு மாதமாகப் பெருநாள் உடுப்புகள் தைத்துத் தைத்து அவருடைய கண்கள் சிவந்திருந்தன. தூரத்துப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பிறை கண்ட செய்தி சொன்னார்கள்.

"நாளைக்குப் பெருநாளோ, றஸ்னா?"

"ஓம் அக்கா. வீடு இன்னும் கூட்டி ஒதுக்கேல்லை."

"பூ எடுக்கிறீங்களோ? எல்லாம்."

றஸ்னா பெட்டிகளைப் பார்த்தார். "ஏன் அக்கா? வடிவா நிக்குதே."

"வெட்டினால்தான் திரும்பப் பூக்குமாம். சும்மா வெட்ட மனம் வரேல்லை. உங்கட வீட்டில இருந்தால் பரவாயில்லை."

மெல்லிய பிறைக்குக் கீழே அவர் வெட்ட, றஸ்னா இரண்டு கையாலும் வாங்கினார். வெள்ளைப் பூக்கள் கடைசிவரை தெரிந்தன. மூலையில் ஒரு பூவை மட்டும் விதைக்கு விட்டார்.

பிறகு வெறும் காம்புகள். மாக்கிறட் அக்கா இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். மூன்றாம் தரம், "பிளாஸ்ரிக் பூவைக் கழுவப் போட்டிருக்கிறன். கோவிக்காத" என்றார். கோயிலில் சுரூபங்கள் ஊதாச் சீலைக்குள் இருந்தன. எடித் அன்ரி காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். பதினோராம் நாள், வெட்டிய ஒவ்வொரு இடத்துக்கும் கீழே இரண்டு அரும்புகள். பெரிய வெள்ளியன்று அவை பச்சையாக, இறுகி இருந்தன.

சனிக்கிழமை மத்தியானம் வெயில் சுட்டது. மூன்று மணிக்கு முப்பத்தொரு பூ. முதல் பூத்தவற்றைவிடச் சிறியவை. ஒரு வாளி தண்ணீரில் நிறுத்தி, துவிச்சக்கர வண்டியை உருட்டிக்கொண்டே கோயிலுக்குப் போனார்.

மாக்கிறட் அக்கா பிளாஸ்ரிக் பூக்களைப் பீடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்து மேசைகளில் வைத்தார். கொஸ்மொஸை நடுவில் வைத்துச் சற்றுப் பின்னால் நின்று பார்த்தார். யன்னலால் வந்த கடற்காற்றில் அவை மட்டும் அசைந்தன.

"வாற வருஷத்துக்கும் உன்ர பேர்தான் எழுதப்போறன்."

எடித் அன்ரி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். விட்டுவைத்த பூவின் விதைகள் அங்கே ஒரு மருந்து உறைக்குள் இருந்தன.

"வாற வருஷம் உயிர்த்த ஞாயிறு எப்ப அக்கா?"

"ஏப்ரல் அஞ்சு."

அவர் விரல் மடித்துப் பின்னோக்கி எண்ணத் தொடங்கினார்.