சாப்பாட்டுப் பையில் இருந்த மாத்திரை

ஆன்டிபயாடிக் ஆரம்பித்துச் சில நாளாகியும் என் கணவருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. சிறுநீரில் தொற்று. பாத்ரூமிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வருவார். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கும். அப்படியும் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவார்.

நான் முதலில் சந்தேகப்பட்டது மெடிக்கல்காரரை. வடக்கே நாங்கள் குடியிருக்கும் சிஞ்ச்வட்டில், எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டி கேட்டுக்கு எதிரே புதிதாகத் திறந்த கடை. மாத்திரை அட்டையின் பின்னால் எழுத்து மங்கலாக இருந்தது. கொண்டுபோய்க் காட்டி, "பையா, யே அஸ்லி ஹை நா?" என்று கேட்டேன். அண்ணே, இது அசல்தானா என்று நான் கேட்டதில் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பெட்டியோடு எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லா அட்டையிலும் அதே மங்கல்தான். எனக்கு மனசு ஆறவில்லை. அதே மாத்திரையை ஸ்டேஷன் பக்கம் வேறு கடையில் வாங்கினேன். காய்ச்சல் அசையவில்லை.

குடித்தால் மருந்து வேலை செய்யாது என்று பக்கத்து ஃப்ளாட்காரி சொன்னாள். என் கணவர் குடியை விட்டு வருஷங்களாகிறது. ஆனால் கொஞ்ச நாளாகச் சாப்பாட்டுப் பையைச் சமையலறையில் வைக்காமல் படுக்கையறைக்குக் கொண்டுபோகிறார். காலையில் பாலையும் மாத்திரையையும் அங்கேயே எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அன்று சாயந்திரம் நான் அவர் சட்டையை வாங்கி முகத்தருகே கொண்டுபோனதை அவர் பார்த்துவிட்டார்.

"என்ன மோந்து பாக்குற?"

"ஒண்ணுமில்லீங்க."

"குடிச்சிருக்கேனான்னுதானே? நேராவே கேளேன்."

"சரி, பைய ஏன் உள்ள கொண்டுபோய் ஒளிக்கிறீங்க?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அவரைக் கம்பெனியிலிருந்து நேரே மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரம்மாவிடம் வரச் சொன்னேன். சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு டாக்டரம்மா இந்தியில் சொன்னார், "இந்தக் கிருமி இந்த மருந்துக்குச் சாக வேண்டும். ஏன் சாகவில்லை? வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?"

"குச் நஹி", ஒன்றுமில்லை என்றார் என் கணவர், என்னைப் பார்க்காமல்.

"டானிக், சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து, எதுவுமே இல்லையா?"

அவர் சாப்பாட்டுப் பையைத் திறந்து, டிபன் டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து வைத்தார். கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் கலந்த மாத்திரை. கூட வேலை செய்பவர் விற்றதாம். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தே இரண்டு வேளையும் விழுங்கியிருக்கிறார்.

காலையில் பாலோடு விழுங்குவார் என்று நான் சொன்னேன். டாக்டரம்மா டப்பாவை ஓரமாக நகர்த்தினார். "இந்தச் சத்துகள் இந்த வகை ஆன்டிபயாடிக்கை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. பாலோடு வேறு விழுங்கியிருக்கிறீர்கள், பாலிலும் கால்சியம்தான்." பழைய மருந்தையே மறுபடி முதலிலிருந்து எழுதினார். அது முடியும்வரை சத்து மாத்திரையைத் தொடக்கூடாது, மருந்தைத் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும் என்றார்.

"அதே மருந்தா?" என்று கேட்டேன். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"அதேதான். இந்தத் தடவை உள்ளே போகட்டும், பார்ப்போம்."

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று கேட்டேன். "இத எதுக்குங்க மறைச்சீங்க?"

"முட்டி வலி. ஷிஃப்ட் பூரா மெஷின்கிட்ட நிக்க முடியல. சொன்னா வேலைய விடுங்கன்னுவ. விட்டுட்டு என்ன பண்றது?"

நான் தேடியது சாராய வாடையை.

மாத்திரையை மறுபடி தொடங்கி இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. எரிச்சலும் மெல்லக் குறைந்தது. அதன்பின் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவரும் கம்பெனியில் பேசி, உட்கார்ந்து பாகங்களைச் சரிபார்க்கும் வேலைக்கு மாறிக்கொண்டார்.

"முட்டி எப்படி இருக்கு?" என்றால், "இப்ப பரவால்ல" என்கிறார். இருந்தாலும் மாடி ஏறும்போது நான் பின்னால்தான் வருகிறேன், கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே.