ஜாஃபர் பாயின் ஆம்ப்ளிஃபயர் யாரையும் கொல்லவில்லை

தொண்டை கட்டியிருந்ததால் அன்றைய கல்யாணக் கச்சேரிக்கு நான் பாடப் போகவில்லை. எங்கள் ஊரான இளம்பிள்ளையில், வீட்டில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் செல்வம். "அக்கா, பாய் போயிட்டாருங்க. மேடையிலயே கரண்ட் அடிச்சிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். அதன் பிறகு மதியம்வரை போன் அடித்துக்கொண்டே இருந்தது. பேசியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "அவரே ஊட்டுல செஞ்ச ஆம்ப்ளிஃபயராமா. அதே அவரை அடிச்சிருச்சாமா." மறுநாள் பேப்பரிலும் அப்படித்தான் இருந்தது.

அது பொய். ஜாஃபர் பாயைத் தெரிந்த உங்களிடம் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பாய் சூரமங்கலத்தில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எங்கள் குழுவில் பதினொரு வருடம் கிதார் வாசித்தார். அந்த ஆம்ப்ளிஃபயரை, கண்ணாடி வால்வு போட்டு, டிரான்ஸ்ஃபார்மரைக்கூடத் தானே சுற்றிச் செய்தார். மூடியைக் கழற்றினால் இடது கை பாக்கெட்டுக்குள் போய்விடும். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும் என்று ஒற்றைக் கையால்தான் வேலை. ஒருமுறை ஸ்விட்சை அணைத்த பிறகும் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டேன். "ஆஃப் பண்ணாலும் இதுக்குக் கோவம் தணியாதும்மா. உள்ள தேங்கியிருக்கிற கரண்ட்டை இறக்கிட்டுத்தான் தொடணும்" என்றார். இவரைத்தான் கவனக்குறைவானவர் என்கிறார்கள்.

போன வருடம் நான்தான் அவரைச் சீண்டினேன். மண்டபத்து ஸ்பீக்கரில் என் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "உங்க கிதாருக்கு மட்டும் தனி ராஜ்ஜியம், எனக்கு இந்தத் தகரமா?" என்று கத்தினேன். அடுத்த வாரம் பாய் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டு, என் மைக்குக்கு இரண்டாவது சேனலும் குரல் சற்று அதிர்ந்து அடங்க ஒரு ரிவெர்பும் சேர்க்கப்போவதாகச் சொன்னார். ரிவெர்புக்கு ஸ்பிரிங் வேண்டும். எங்கள் ஊர்த் தறிச் சாமான் கடைகளில் கிடைத்ததையெல்லாம் ஒரு பை நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் ஆணியில் மாட்டி, சுண்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். "இதுல பாடினா சேலைதான் நெய்யணும்" என்று முக்கால்வாசியைத் தள்ளிவிட்டார். மெல்லிய மூன்று ஸ்பிரிங்குகள் மட்டும் தேறின.

சேனல்களைச் சேர்ப்பதுதான் அவரைப் படுத்தியது. கிதாரின் சத்தத்தைக் குறைத்தால் என் குரலும் கூடவே இறங்கியது. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை; போதும், விடுங்கள் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒருத்தர் அடங்கினா இன்னொருத்தரும் அடங்கணும்னா அது மிக்ஸிங் இல்லம்மா, அடக்குமுறை" என்றார். இரண்டு வழிகளுக்கும் தனித்தனியாக ரெசிஸ்டர் வைத்து மறுபடி கட்டினார். அன்று அந்தக் கடையில் நான் பாடிய முதல் வரி சுவரைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்ததுபோல இருந்தது. என் குரலை எனக்கே பிடித்த நாள் அது.

இடையில் ஒருநாள் வாழப்பாடி மண்டபத்தில் நடந்ததை நான் சொல்லாமல் விட்டால் அது அயோக்கியத்தனம். அங்கே பிளக்கில் எர்த் இல்லை என்று பாய் வாசிக்க மறுத்தார். எலக்ட்ரீசியன் வந்து சரிசெய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நான் அவரைத் திட்டினேன். "ஊர்ல எல்லாரும் வாசிக்கலையா? உங்களுக்கு மட்டும்தான் உசுரா?" அவர் என்னைப் பார்த்து, "மைக்கைப் பிடிக்கிறது நீதாம்மா" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கவே இல்லை.

பாய் இறந்த அன்று நடந்ததைக் கூட இருந்த செல்வம் சொன்னார்; வயர் விஷயம் பிறகு விசாரித்ததில் தெரிந்தது. பாய் வழக்கம்போல பல்பு வைத்து மேடைப் பிளக்கைச் சோதித்தார். எர்த் சரியாக இருந்தது. இரண்டு பாட்டு முடிந்து, தாலி கட்டும் நேரத்தில் குழுவினர் சாப்பிடப் போனார்கள். அப்போது வீடியோ விளக்குக்கு இடம் வேண்டுமென்று மண்டபத்து ஆட்கள் ஆம்ப்ளிஃபயரின் வயரைப் பிடுங்கி, பெரிய மனிதர்களுக்காக ஃபேன் ஓடிக்கொண்டிருந்த வேறொரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிவிட்டார்கள். யாரும் பாயிடம் சொல்லவில்லை. அந்த ஃபேனின் உடம்பில் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. மண்ணுக்குள் இறங்க அதற்கு வழியில்லாததால், அந்தப் பெட்டியின் எர்த் வயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உடம்புக்கும் அங்கிருந்து கிதார்க் கம்பிகளுக்கும் ஏறியது. திரும்பி வந்த பாய் கிதாரை மாட்டிக்கொண்டு, அடுத்த பாட்டை அறிவிக்க, எர்த் சரியாக இருந்த மண்டபத்து ஸ்பீக்கரின் மைக்கைப் பிடித்தார். கிதாரிலிருந்து மைக்குக்கு அவர் உடம்பு வழியாகக் கரண்ட் பாய்ந்தது. அவ்வளவுதான்.

எட்டாம் நாள் எங்கள் கலைஞர்கள் சேர்ந்து ஓர் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எங்கே? அதே மண்டபத்தில், இலவசமாகக் கொடுத்தார்கள் என்று. மேனேஜர் ஆளுயர மாலையோடு படத்தை நோக்கி வந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"மாலை வேண்டாமுங்க. அந்த ஃபேன் பெட்டி செருகியிருந்த சுவரைத் திறந்து காட்டுங்க."

"ஏனுங்க, எழவு நடந்த எடத்துல இப்படியா பேசறது? அவரு விதி முடிஞ்சுது, போயிட்டாரு."

"விதியாங்க? வயரைப் புடுங்கினது யாரு கை?"

என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தது மேனேஜரின் ஆட்கள் அல்ல. நம் ஆட்கள். "அடுத்த முகூர்த்தத்துக்கு இங்கதான் நமக்குப் புரோகிராம் இருக்குது" என்று காதில் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியும்.

நானும் செல்வமும் எழுதிக்கொடுத்த மனுவின்மேல் மின்துறை அதிகாரி வந்து சுவரைப் பிரித்தார். எர்த் வயர் பூச்சுக்குள் ஒரு சாண் ஓடி, எதிலும் சேராமல் முடிந்திருந்தது. ஆம்ப்ளிஃபயரில் பழுதே இல்லை என்று எழுதிக்கொடுத்தார். அதை எந்தப் பேப்பரும் போடவில்லை. மண்டபத்தில் கல்யாணம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மண்டபத்தின்மேல் போட்ட வழக்கு போகிற போக்கில் போகிறது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பாயின் மனைவி ஆயிஷா அக்காவைப் பார்க்கப் போனேன். எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தார். "அப்ப அவரு தப்பா ஒண்ணும் கட்டலைல்லம்மா?" என்று கேட்டார். "இல்லைங்கக்கா" என்றேன். "எல்லாரும் படிக்கிற மாதிரி எழுது" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆம்ப்ளிஃபயர் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. அதில் என் குரல் எப்படி ஒலித்தது என்பதை இனி எந்த மண்டபத்திலும் கேட்கப்போவதில்லை. பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்விதான். எந்த மேடையில் ஏறினாலும், மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தாலும், "எர்த் எங்கே, காட்டுங்க" என்று கேட்கிறேன். காட்டாவிட்டால் இறங்கிவிடுகிறேன். இதுவரை மூன்று மண்டபங்கள் என்னைக் கூப்பிட வேண்டாமென்று குழுவிடம் சொல்லிவிட்டன. சொல்லட்டும். நான்காவது மண்டபத்திலும் கேட்பேன்.